நானூறு பேரிடம் சாமியைப் பற்றிக் கேட்டவர்

ஆனந்தமேரி அக்கா மாடிப்படி ஏறுகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு எத்தனை படிவம் முடித்திருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். ஐந்து என்றால் படிக்கு ஒரு பெருமூச்சு. இரண்டுதான் என்றால் பாதிப் படியில் நின்று "சேசுவே" என்பார். மேலே வந்ததும் பையை என் மேசையில் போட்டு, "இந்தா, இன்னிக்கு அகப்பட்ட சாமியெல்லாம் இவ்ளோதான்" என்று கட்டைத் தள்ளிவிடுவார்.

நான் அரிகிருஷ்ணன். லாஸ்பேட்டையில் ஒரு வாடகை வீட்டு மாடியில் இயங்கும் மனநல ஆய்வு ஒன்றில், படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. நாற்பத்தெட்டு வயதில் ஒப்பந்த வேலை, கூடவே முதுகுவலி. அதனால் நான் கொஞ்சம் எரிந்து விழுந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அக்காவைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதாமல் தள்ளிப்போட்டதற்கும் காரணம் உண்டு, வரும்.

அக்கா நெல்லித்தோப்பில் பிறந்தவர். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. பத்தாவது முடித்ததிலிருந்து ஐம்பத்தாறு வயது வரை அவர் செய்ததெல்லாம் கணக்கெடுப்புதான். போலியோ சொட்டு மருந்து, காசநோய், கழிப்பறை, கியாஸ் அடுப்பு, சர்க்கரை வியாதி என்று எந்தத் திட்டம் வந்தாலும் ஊரில் முதலில் தேடுவது அவரைத்தான். உழவர்கரை நகராட்சியில் அவர் கதவைத் தட்டாத தெரு கிடையாது. கணவர் மிக்கேல் இறந்து பதினோரு வருடம். மகன் ரெக்ஸ் பெங்களூரில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். தினமும் காலையில் சர்ச்சில் பூசை, பிறகு தெரு, பிறகு எங்கள் மாடி. அவருடைய நாள் இவ்வளவுதான்.

இந்த முறை வந்த ஆய்வு விசித்திரமானது. மனிதர்களுக்கு வருகிற ஆன்மிக அனுபவத்துக்கும், அவர்களுடைய குணத்துக்கும், மனநலத்துக்கும் என்ன தொடர்பு என்று பார்க்க வேண்டுமாம். அறுபத்திரண்டு கேள்விகள். நானூறு பேரைக் கேட்க வேண்டும். அதே நானூறு பேரை ஒரு வருடம் கழித்து மறுபடியும் கேட்க வேண்டும். ஆய்வுக்குத் தலைவர் டாக்டர் அறிவுமதி. நல்ல பெண்மணி, நிறையப் படித்தவர், யாரையும் வாடா போடா என்று பேசமாட்டார். ஆனால் கேள்விகளை எழுதியவர்கள் யாரும் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் காலை ஆறு மணிக்கு நின்று பார்த்தவர்கள் இல்லை. அதை நான் சத்தியம் செய்து சொல்வேன்.

"'புதிய அனுபவங்களை விரும்பி ஏற்கும் இயல்புடையவரா நீங்கள்?'னு அந்த மீன் விக்கிற சின்னப்பொண்ணு ஆயாகிட்ட கேட்டேன்" என்று அக்கா ஒருநாள் வந்து சொன்னார். "இந்த வயசுல எனக்கு எதுக்குடி புது அனுபவம், இருக்குறத தாங்க முடியலன்னு கூடைய நகத்திக்கினு போயிட்டா. இதுல நான் என்னத்தப் போடறது?"

"சாமி கேள்விக்கு?"

"சாமி பக்கத்துல இருக்குறாப்புல தோணுதான்னு கேட்டேன். ஏலம் கூவுற நேரத்துல வந்தா அதுகிட்டயும் ஒரு கூடைய குடுத்துத் தூக்கச் சொல்லுவேன்னா."

சிரித்தோம். ஆனால் அக்காவின் வேலை விளையாட்டு இல்லை. கடவுளைப் பற்றிய கேள்வி என்றாலே நம் ஊரில் எல்லோரும் "எப்பவும்" என்றுதான் சொல்வார்கள். இல்லை என்று சொன்னால் தெய்வக் குற்றம். சிலர் கோயில் இருக்கும் திசை பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டே பதில் சொல்வார்களாம். அக்கா உடனே எழுதமாட்டார். பேனாவை மூடிவிட்டு, தண்ணீர் கேட்பார். குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். அந்தச் சும்மாவில்தான் நிஜம் வெளியே வரும். அதற்குப் பிறகுதான் எழுதுவார். ஒரு படிவத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆவது அதனால்தான். மற்ற கணக்கெடுப்பாளர்கள் இருபது நிமிடத்தில் முடித்துக்கொண்டு வருவார்கள்.

வேலை தொடங்குமுன் அலுவலகத்தில் இருந்த எல்லோரும் படிவத்தைச் சோதனைக்காக ஒருமுறை நிரப்பினோம். நான்தான் ஏற்றினேன். என்னுடையதில் எல்லாம் நடுவாந்தரம். அக்காவுடையதைப் பார்த்துத் தப்பாக ஏற்றிவிட்டேனோ என்று மறுபடி சரிபார்த்தேன். தினமும் பூசைக்குப் போகிறவர், ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் நின்று பைபிள் வாசகம் வாசிக்கிறவர், ஆன்மிகக் கேள்விகள் பதினான்குக்கும் "ஒருபோதும் இல்லை" என்று போட்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. சோதனைப் படிவங்களை அழிக்கச் சொன்னார்கள், அழித்துவிட்டேன்.

இப்போது மாலாவின் கதைக்கு வருகிறேன்.

மாலா வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். நாற்பது வயது இருக்கும். கணவன் விட்டுவிட்டுப் போனபிறகு மகளைக் கூட்டிக்கொண்டு உழவர்கரையில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவந்தார். லாஸ்பேட்டையில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை. காலையில் பதினெட்டுப் பிள்ளைகளை வாங்கி, ஊட்டி, தூங்க வைத்து, மாலையில் அம்மாக்கள் கையில் கொடுப்பார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். அந்த வேலை போனால் படிப்பும் போகும், வீட்டு வாடகையும் நிற்கும். மாலாவுக்கு வேறு பிடிமானம் கிடையாது.

ஒன்று மட்டும் உண்டு. ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் அலகு குத்திக்கொள்ளும் செடல் திருவிழாவில் மாலாவுக்குச் சாமி வரும்.

அக்கா அவரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்து உட்கார்ந்திருந்தபோது மாலா சொன்னது இது: "அவரு போனப்புறம் ரெண்டு வருஷம் தூக்கமே கெடையாதுக்கா. கண்ண மூடுனா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். அந்த வருஷம் செடல்ல கூட்டத்துல சும்மாதான் நின்னேன். மேளம் அடிச்சாங்க. 'மாலா, வாடி'ன்னு ஒரு கொரலு. அப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆடி முடிச்சு மஞ்சத்தண்ணி ஊத்துனாங்க. அன்னிக்கு ராவு தூங்குனேன் பாரு, மறுநாள் மத்தியானம்தான் முழிச்சேன். அதுல இருந்து தூக்கத்துக்குக் கொறை இல்ல. வருசத்துக்கு ஒருநாள் அவ வந்துட்டுப் போனா, மீதி நாள நான் பாத்துக்குவேன்."

அக்கா இதைக் கேட்டு, கேட்டபடி எழுதினார். பதினேழாம் கேள்வி, "உங்கள் உடலை வேறொரு சக்தி ஆட்கொண்டதுண்டா?" ஆம். பதினெட்டாம் கேள்வி, "பிறருக்குக் கேட்காத குரல் உங்களுக்குக் கேட்டதுண்டா?" ஆம். தூக்கம், நன்று. பசி, நன்று. வேலையில் கவனம், மிக நன்று.

கம்ப்யூட்டரில் ஒரு விதி வைத்திருந்தார்கள். பதினேழும் பதினெட்டும் ஆம் என்றால் திரை சிவப்பாகும். சிவப்பு விழுந்த பெயர் ஆலோசகருக்குப் போகும், அவர் போன் செய்து உதவி வேண்டுமா என்று கேட்பார். கெட்ட எண்ணத்தில் வைத்த விதி இல்லை. ஆனால் கணக்கெடுப்பு நடந்தது ஆடி மாதத்தில். செடலுக்கும் கூழ் ஊற்றும் சாகை வார்த்தலுக்கும் போய் வந்த கையோடு படிவம் நிரப்பினவர்கள் எத்தனை பேர்! எனக்குத் திரை முழுக்கச் சிவப்பு. ஆடி மாதத்தில் இதைக் கேட்கலாமா என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கென்ன வந்தது என்று இருந்துவிட்டேன்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்தேன். மாலாவிடம் இருந்த ஒரே போனைக் கல்லூரிக்குப் போகும் மகள் வைத்திருந்தாள். நம் ஊரில் எத்தனையோ பெண்கள் செய்வதைப் போல வேலை செய்யும் இடத்து நம்பரைக் கொடுத்திருந்தார். அக்கா பொறுப்பாக அந்த நம்பருக்குப் பக்கத்தில், "இது முதலாளியம்மா நம்பர், கூப்பிட்டால் எதுவும் சொல்ல வேண்டாம்" என்று பென்சிலில் குறித்திருந்தார். நான் பார்த்தேன். கம்ப்யூட்டரில் அதை எழுத இடம் இல்லை. மணி ஐந்தரை. அடுத்த படிவத்துக்குப் போய்விட்டேன்.

பத்தாம் நாள் மாலா எங்கள் மாடிக்கு வந்தார். வந்த வேகத்துக்குச் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யாருக்கா உன்ன என் வீட்டுக்கு வரச் சொன்னது? நீ கேட்ட, நான் மனசுவிட்டுச் சொன்னேன். அத எங்க முதலாளியம்மாவுக்கா போன் போட்டுச் சொல்லுவீங்க?"

நடந்தது இதுதான். ஆலோசகர் புதிதாகப் படித்து முடித்த பெண். திரையில் இருந்த நம்பரை அழைத்து, அந்தப் பக்கம் "சொல்லுங்க" என்றதும், "குரல் கேட்கிறதாகவும் உடம்பு உங்க கட்டுப்பாட்டுல இல்லைன்னும் சொல்லியிருக்கீங்க மாலா, மனநல உதவி தேவைப்பட்டா..." என்று எழுதிவைத்ததை அப்படியே படித்துவிட்டாள். கேட்டது காப்பகத்தின் முதலாளி மெரின். பதினெட்டுப் பிள்ளைகளுக்குப் பொறுப்பானவர். அவர் பயந்ததை நான் தப்பு சொல்லமாட்டேன். திங்கட்கிழமைக்குள் இவருக்கு ஒன்றும் இல்லை என்று எழுதி வாங்கி வந்தால் வேலை, இல்லாவிட்டால் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அக்கா நேராக அறிவுமதி அம்மாவின் அறைக்குப் போனார். எனக்கு வெளியே கேட்டது. அறிவுமதி அம்மா உண்மையிலேயே கலங்கிப்போனார். ஆனால் கடிதம் மட்டும் தர முடியாது என்றார். ஆய்வில் கலந்துகொண்டவர் யார் என்பது ரகசியமாம். மாலாவுக்கு ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் மாலா கலந்துகொண்டார் என்று ஒப்புக்கொண்டது ஆகுமாம். ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, இனிமேல்தான் ரகசியம் காக்கப் போகிறார்கள்! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும் என்பது சும்மாவா?

"மேலிடத்துல கேட்டு எழுதறேன், ஒரு மாசம் ஆகும்" என்றார்.

"திங்கக்கெழமைக்கு இன்னும் மூணு நாளு மேடம்" என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே வந்தார். என் மேசையருகே நின்று, "தம்பி, வண்டிய எடு" என்றார்.

காப்பகத்து வாசலில் மெரின் எங்களை உள்ளே விடவில்லை. பிள்ளைகள் தூங்கும் நேரம். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள் மூவர். மெரினும் அக்காவும் ஒரே சர்ச், ஒரே பங்கு. கோயிலில் பார்த்த பழக்கம் உண்டு.

"ஆன்ட்டி, நீங்களா? நீங்க சொன்னா நான் கேப்பேன். ஆனா எழுத்துல எதாவது குடுத்தாங்களா?"

"எழுத்து எதுக்கும்மா? அது மாலாவோட ஃபார்மே கெடையாது." அக்காவின் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "வேலை தொடங்குறதுக்கு முன்னாடி நாங்க எல்லாரும் ஒரு ஃபார்ம் நெரப்புனோம். அது என்னோடது. பேரும் நம்பரும் மாறிப் போச்சு."

மெரின் கதவுக் கம்பியிலிருந்து கையை எடுத்தார். "அப்ப... கொரல் கேக்குறது உங்களுக்கா ஆன்ட்டி?"

"ஆமாம்மா. எனக்குத்தான்."

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பென்சில் குறிப்பு தெரிந்தவன். வாயைத் திறக்கவில்லை. மெரின் தன்னை அறியாமல் ஓரடி பின்னால் போனதைப் பார்த்தேன். பிறகு அவர் மாலாவின் பக்கம் திரும்பினார்.

"உனக்கு அந்த மாதிரி எதுவும் கேக்காதே?"

"இல்லீங்க மிஸ்."

"கோயில்ல நீ சாமி வந்து ஆடுவேன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்களே?"

"இல்லீங்க மிஸ். கூட்டத்துல நிப்பேன். அவ்ளோதான்."

"இந்தப் பிள்ளைங்க மேல சத்தியமா?"

மாலா உள்ளே தொங்கிய திரைச்சீலையைப் பார்த்தார். அதற்குப் பின்னால் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். "சத்தியமா மிஸ்" என்றார்.

வேலை பிழைத்தது. திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். தெருமுனை வரை மாலா விறைப்பாக நடந்து வந்தார். முனை திரும்பியதும் ஒரு வீட்டுச் சுவரோரம் குந்திவிட்டார். "மூணு தடவ கேட்டாங்க. மூணு தடவையும் அவள இல்லேன்னுட்டேன்க்கா" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அக்கா சேலையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்தார். "சேசுவோட சீடரு, எங்க இராயப்பரும் மூணு தடவ ஆண்டவர தெரியாதுன்னாருடி. அப்புறமும் ஆண்டவரு அவருகிட்டதான் தன் மந்தைய ஒப்படைச்சாரு. உங்க ஆத்தா மட்டும் கோவிச்சுக்குவாளா? எழுந்திரு."

மாலா எழுந்தார். ஆனால் அந்தச் சமாதானம் அவருக்குள் இறங்கியதாக எனக்குத் தோன்றவில்லை.

மாலாவைப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போதுதான் எனக்கு வாய் வந்தது. வண்டியை ஓரம் கட்டி, பென்சில் குறிப்பைப் பார்த்தும் ஏற்றாமல் விட்டது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும்" என்றார். "எழுதுனவளுக்குத் தெரியாதா? நீ எப்ப சொல்லுவேன்னுதான் பாத்துக்கினு இருந்தேன்."

"திட்டுங்கக்கா."

"திட்டுறதுக்கும் தெம்பு வேணும்டா."

எனக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. அதை மறைக்க, "ஆனா நீங்க அப்படியொரு பொய் சொல்லியிருக்க வேணாம். உங்களுக்கா குரல் கேக்குது?" என்றேன்.

அக்கா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "மிக்கேல் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நாப்பது நாளு முட்டி போட்டேன். அப்பவும் ஒரு சத்தம் இல்ல, இப்ப வரைக்கும் இல்ல. போறேன், வர்றேன், முழங்கால்தான் தேயுது. கொரல் கேக்குறவளுக்குப் போன் பண்றாங்க. பதினோரு வருசமா ஒண்ணுமே கேக்காதவளுக்கு எவன்டா போன் பண்றான்?"

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. இரண்டே வாரத்தில், அக்காவுக்குக் குரல் கேட்கிறதாம் என்று பங்கு முழுவதும் பரவிவிட்டது. யாரும் கெட்டதாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் கொடுமை. பரிவாகப் பேசினார்கள். ஞாயிறு வாசகத்துக்கு அக்காவின் பெயரை எடுத்துவிட்டு, "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க" என்றார்களாம். பதினைந்து வருடம் வாசித்தவர். ரெக்ஸ் பெங்களூரிலிருந்து ஓடிவந்து டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்று நின்றான். அக்கா யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் மெரினுக்குப் போய்ச் சேரும், மாலாவின் வேலை போகும். இப்போது பூசையில் கடைசி பெஞ்சில் உட்காருகிறார்.

வருடம் திரும்பி ஆடியும் முடிந்தது. அதே நானூறு பேரை மறுபடி கேட்கும் சுற்று தொடங்கியது. மாலாவின் படிவத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று நானே அக்காவிடம் சொன்னேன். "என்னைவிட்டா அது யாருகிட்ட பேசும்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை மாடிப்படியில் சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் மேசைக்கு முன்னால் நிற்கிறார். கையில் ஒரே ஒரு படிவம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் கேட்கக் கேட்க நின்றபடியே சொன்னார்.

"பதினேழு?"

"இல்ல. இந்த வருசம் செடலுக்கே போகல. ஜொரம்னு சொல்லிட்டுக் கதவ சாத்திக்கினு படுத்துட்டாளாம். யாராவது பாத்துட்டுப் போய் மிஸ்ஸுகிட்ட சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம்."

"தூக்கம்?"

"மாசக்கணக்கா இல்ல. ஆளு பாதியாயிட்டா."

தூக்கம் இல்லை என்று போட்டேன். அதற்கு ஒரே ஒரு மதிப்பெண்தான் குறைந்தது. "பதினெட்டு?" என்றேன். "கொரல்?"

அக்கா கையிலிருந்த படிவத்தை என் மேசையில் வைத்தார். கண் கலங்கி இருந்தது. இத்தனை வருடத்தில் மிக்கேலுக்காக அழுதுகூட நான் பார்த்ததில்லை.

"இல்லைன்னு போடு" என்றார். "'தனியா இருக்கும்போது நானா கூப்புட்டும் பாத்துட்டேன்க்கா, வரமாட்டேங்குறா'ன்னு எம் மடியில விழுந்து அழுவுதுடா."

நான் 'இல்லை' என்பதை அழுத்தினேன். மாலாவின் பெயர் பச்சையானது. கீழே, 'குறிப்பிடத்தக்க முன்னேற்றம்' என்று வந்தது.